படவேட்டுக் கல்லும் சமந்தபத்திரர் குடமும்

வேலூர் – போளூர் சாலையில் சந்தவாசலில் மேற்கே திரும்பினால், சில கிலோமீட்டரில் வாழைத்தோப்புகள் தொடங்கிவிடும். சுற்றிலும் ஜவ்வாது மலையின் அடிவாரச் சரிவுகள், நடுவே கமண்டல நதி, அதன் கரையில் படவேடு. மூச்சு வாங்காமல் நடந்து பார்க்க இதைவிடத் தோதான ஊர் அந்த வட்டாரத்தில் குறைவு. ரேணுகாம்பாள் கோயில், ராமர் கோயில், அங்கிருந்து தோப்போரமாக ஆற்றைப் பிடித்தபடி செண்பகத்தோப்பு அணை என்று போனால் பெரும்பாலும் சமதளந்தான். அணை நிரம்பினால் 62 அடிக்குச் சற்று மேலே தண்ணீர் நிற்கும். மலை அதில் தலைகீழாகத் தெரியும். கோட்டைமலை மட்டும் ஏற்றம். காட்டுக்குள் போகும் வழி என்பதால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுவது நல்லது.

இந்த நடையில் கண்ணில் படும் பழைய கட்டடங்கள் இரண்டு வகை. ஒன்று, செடி முளைத்து, கல் சரிந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் கோட்டை. மற்றொன்று, ஒரு காலத்தில் அதே கதியில் கிடந்து இப்போது எண்ணெய் மணக்கும் கோயில்கள். இரண்டும் ஒரே அரசமரபின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படுபவை. இரண்டுக்கும் அழிவு ஒன்றுபோலவே வந்தது. ஒன்றை எழுப்பி நிறுத்திய ஊர், மற்றொன்றை அப்படியே விட்டுவிட்டது. எழுப்பி நிறுத்தியது பழைய கோயில்தானா, அல்லது அதே இடத்தில் நிற்கும் வேறொன்றா?

கேள்வி சும்மா எழவில்லை. இந்த ஊரின் தெய்வமே அந்தக் கேள்விதான்.

ரேணுகையின் கதை தெரியாதவர் வட ஆற்காட்டுப் பக்கம் இருக்க முடியாது. ஜமதக்னி முனிவரின் மனைவி, தினமும் ஆற்று மணலிலேயே குடம் பிடித்து, சுடாத அந்தக் குடத்தில் நீர் கொண்டு வருவாள். ஒருநாள் வானில் போன கந்தர்வனின் நிழல் நீரில் தெரிய, மனம் ஒரு கணம் சலிக்க, குடம் கரைந்தது. தந்தை சொல்லை ஏற்றுப் பரசுராமன் தாயின் தலையை வெட்டினான். வரம் பெற்று உயிர்ப்பிக்கப் போனபோது, அவசரத்தில் தாயின் தலையை வேறொரு பெண்ணின் உடலோடு பொருத்திவிட்டான் என்று நாட்டார் வழக்கு சொல்லும். தலை அவளுடையது, உடல் மற்றவளுடையது. எழுந்தவள் யார்? படவேட்டுக் கருவறை தன் பதிலை வைத்திருக்கிறது: அங்கே அம்மனின் சிரசே பிரதானம். ஆடி வெள்ளிகளில் குவியும் கூட்டம் அந்தத் தலையைத்தான் தாய் என்று கும்பிடுகிறது. வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்ட தலைமாற்றுக் கதையிலும் விடை அதுவே; 1940-இல் ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மான் அந்தக் கதையை எடுத்துக் குறுநாவலாக்கியபோது, அந்த விடையை நிம்மதியாக நிற்க விடவில்லை. தலை மாறிய பின் உடல்களும் மெல்ல மெல்லத் தலைக்கேற்ப மாறத் தொடங்கினால் என்ன செய்வது என்று குடைந்தார்.

ஊரின் வரலாறும் இதேபோல வெட்டுப்பட்டு ஒட்டியதுதான். சோழருக்கு அடங்கிய சிற்றரசர்களாக இருந்த சம்புவராயர்கள், சோழப் பேரரசு ஓய்ந்த பின் தொண்டை மண்டலத்தில் தனியரசு நடத்தினார்கள். கல்வெட்டுகள் படைவீடு என்று குறிக்கும் இந்த ஊர் அவர்களது தலைநகரமாயிற்று. 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்து முதலாம் புக்கரின் மகன் குமார கம்பணர் படையோடு வந்தார். பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரத்தில் தங்கி, ராஜகம்பீரன் மலைக் கோட்டையை முற்றுகையிட்டு, சம்புவராயரை நேருக்கு நேர் வாட்போரில் கொன்றார் என்று கம்பணரின் மனைவி கங்காதேவி தன் ‘மதுரா விஜயம்’ காவியத்தில் எழுதியிருக்கிறார். கணவரின் வெற்றியை மனைவி பாடினால் எதிரி சாகத்தானே வேண்டும்! ஆனால் அந்தப் போரில் கம்பணருடன் வந்த சாளுவ மங்கு என்ற தளபதிக்கு, சம்புவராயரை மீண்டும் அரசில் அமர்த்தியவர் என்ற பட்டம் இருக்கிறது. கோயிலில் சிலையை நிலைநிறுத்துவதற்குச் சொல்லும் ‘ஸ்தாபனம்’ என்ற சொல்லே அந்தப் பட்டத்தில் வருகிறது. காவியத்தின் ஏட்டுச்சுவடி 1916-இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தபோது, அதுவும் முழுதாக இல்லை. இடையிடையே விட்டுப்போன இடங்களோடுதான் அச்சேறியது.

கம்பணர் படையெடுப்புக்குப் பிறகும் ஊர் சிலகாலம் வாழ்ந்தது. விஜயநகர ஆட்சியில் படைவீட்டு ராஜ்யம் என்ற நிர்வாகப் பிரிவே இருந்தது. 1425-ஐ ஒட்டிய விரிஞ்சிபுரம் கல்வெட்டு ஒன்றில், அந்த ராஜ்யத்துப் பிராமணர்கள் தமிழர், கன்னடியர், தெலுங்கர், லாடர் என்ற பேதமின்றிக் கூடி, பெண்ணுக்குப் பொன் வாங்குவதோ கொடுப்பதோ கூடாது, கன்னிகாதானமாகவே மணம் முடிக்க வேண்டும் என்று உறுதி எழுதிக்கொண்டார்கள். பிறகு ஊர் அடங்கியது. மண்மாரி பெய்து மூடிற்று என்பது கர்ண பரம்பரை. ஆயிரத்தெட்டு சிவாலயமும் நூற்றெட்டு பெருமாள் கோயிலும் இருந்தன என்பது ஊர்ப்பெருமை; எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் மண்ணில் புதைந்தும் முள்ளில் மறைந்தும் கோயில்கள் கிடந்தது உண்மை. டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் முன்னின்று அவற்றில் பலவற்றுக்குத் திருப்பணி செய்வித்தார். ராமர் கோயிலில் ராமன் வில்லில்லாமல், சின்முத்திரையோடு அமர்ந்து உபதேசிக்க, அனுமன் எதிரே சுவடி படிக்கிறான். படைவீடு என்று பெயர் பெற்ற ஊரில் ஆயுதம் ஏந்தாத ராமன்!

ஆகமத்தைக் கேட்டால், திருப்பணிக்குப் பின் நிற்பது பழைய தெய்வமே என்று தயங்காமல் சொல்லும். அதற்கு முறை இருக்கிறது. பாலாலயம் செய்து, மூலவரின் தெய்வசக்தியாகிய கலையைக் கும்பத்து நீரில் இறக்கி, மரத்திலோ படத்திலோ தற்காலிகமாக எழுந்தருளச் செய்வார்கள். வேலை நடக்கும் காலமெல்லாம் பூஜை அங்கே. முடிந்ததும் கும்பாபிஷேகம், கலை மறுபடி கருவறைக்குத் திரும்பும். கல் மாறலாம், சுதை மாறலாம், வழிபாட்டின் இழை அறக்கூடாது. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை இதைச் செய்வது வழக்கம் என்பதால், புதுப்பிப்பது விதிவிலக்கல்ல, கோயிலின் இயல்பான வாழ்க்கை. ஜப்பானின் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கொருமுறை முற்றிலும் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013-இல் கட்டியது 62-ஆவது. அதைப் பழைய ஆலயம் இல்லை என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

தொல்லியல் இதற்கு நேர் எதிர். 1964-இன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. இல்லாத சுவரை இருந்திருக்கும் என்று கட்டினால் அது பொய். கோட்டைமலையின் சரிந்த மதிலுக்கு இந்த விதியே பொருந்தும். அதற்குப் பாலாலயம் கிடையாது. சம்புவராயரின் கலையை இறக்கிவைக்க ஒரு கும்பமும் இல்லை.

இரண்டு தரப்பையும் ஒரே நடையில் பார்த்துவிட்டு வருபவருக்கு, வழக்கைத் தீர்க்க ஒரு பழைய சமணர் உதவுவார். படவேட்டிலிருந்து அதிகத் தூரமில்லாத திருமலையில், மலையடியில் குந்தவை பெயர் தாங்கிய ஜினாலயமும், பாறையில் செதுக்கிய நெடிய நேமிநாதரும் உண்டு. சமணம் வேரோடிய வட்டாரம் இது. சமந்தபத்திரர் என்ற அந்தச் சமணர் ‘ஆப்தமீமாம்சை’யில் ஒரு பொற்குடத்தைப் பேசுகிறார். குடத்தை உருக்கி மகுடம் செய்கிறார்கள். குடம் வேண்டுமென்றிருந்தவன் வருந்துகிறான். மகுடம் வேண்டியவன் மகிழ்கிறான். பொன் மட்டும் வேண்டியவன் சும்மா நிற்கிறான். நடந்தது ஒன்றே, மூவருக்கும் அவரவர் உணர்ச்சிக்குக் காரணம் உண்டு. தோன்றுவதும் அழிவதும் நிலைப்பதும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பது அவர் வாதம்.

படவேட்டுக் கும்பாபிஷேகத்தில் இந்த மூவரும் நிற்பார்கள். மகுடத்துக்கு வந்தவர் பக்தர். குடத்துக்கு அழுபவர் கல்வெட்டு வாசிப்பவர். அவர் அழுகைக்கும் நியாயம் இருக்கிறது. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் எழுத்து மழுங்கிய சுவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை! தளம் உயர்த்தி, பளபளக்கும் கிரானைட் பதித்து, அதிட்டானத்துக் கல்வெட்டைத் தரைக்குள் புதைத்த திருப்பணிகளும் உண்டு. அதைச் செய்தவர்கள் ஆகமத்தைக் காட்டுவது சரியில்லை. கலை கும்பத்துக்கு இறங்கும், கல்வெட்டு இறங்காது. தானம் கொடுத்தவர் பெயரும், ஏரிக்கு மடை வைத்தவர் பெயரும் கல்லில் மட்டுந்தான் இருக்கின்றன. அந்தக் கல்லைப் பொறுத்தவரை கோயிலும் ஒரு கோட்டைதான்.

மூன்றாமவர், பொன்னைத் தேடி வந்தவர், அநேகமாகக் கேமராவும் தண்ணீர் பாட்டிலுமாக அணைக்கரையில் நடந்துகொண்டிருக்கும் வெளியூர்க்காரர். அவருக்கு வேண்டுதலும் இல்லை, ஆய்வும் இல்லை. தலயாத்திரை போனால் கால் நோக வேண்டும், வியர்வை சிந்தாத புண்ணியம் புண்ணியமில்லை என்று எண்ணுபவர்கள் இவரைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் மலையும் ஆறும் சம்புவராயர் காலத்திலும் இருந்தவை என்பது இவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். ரேணுகை குடம் பிடித்ததாகச் சொல்லப்படும் அதே ஆற்றில், இப்போது ஷட்டர் போட்ட அணை நிற்கிறது. மணலும் நீரும் அவைதான்.

மூவருக்கும் இடம் கொடுத்த கோயில் ஒன்று உண்டு. அதுவும் கம்பணர் படை போய்ச் சேர்ந்த மதுரையில்தான். அந்நியப் படை வந்தபோது மூலலிங்கத்தை மறைத்துவிட்டு வெளியே வேறொரு லிங்கத்தை வைத்தார்கள், வந்தவர்கள் அதைச் சிதைத்தார்கள் என்பது கோயில் வரலாறு. அந்தப் பின்னப்பட்ட லிங்கத்தை யாரும் ஆற்றில் விடவில்லை, மறுபடி செதுக்கவும் இல்லை. மீனாட்சி கோயிலில் இன்றும் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். கருவறையில் பூஜை நடக்க, வெளியே உடைந்தது உடைந்ததாகவே இருக்கிறது. படவேட்டில் இதைச் செய்ய அதிகச் செலவாகாது: அடுத்த திருப்பணியில் கழித்துக்கட்டும் தூண்களையும் எழுத்துள்ள பலகைக் கற்களையும் மதிலோரம் ஒரு மேடையில் அடுக்கி, எந்தச் சுவரிலிருந்து எடுத்தது என்று தமிழில் எழுதி வைத்தால் போதும்; கோட்டைமலையில் கல்லைத் தொடாமல், முள்ளை மட்டும் வெட்டிவிட்டால் போதும்.