வாசல்

சென்னைப் பட்டணத்தில் கந்தகோட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, மொத்த வியாபாரக் கடையொன்றின் படியை ஒட்டிய நடைபாதையில், சாக்குப் படுதாவும் மூன்று கல் அடுப்புமாகக் குடித்தனம் நடத்தும் ஒரு மூதாட்டி, பொழுது விடியுமுன் ஒரு செம்பு தண்ணீர் தெளித்து, முழ அகலத்துக்கு மேற்படாத இடத்தில் புள்ளி வைத்துக் கோலமிடுவதைப் பல நாள் கண்டிருக்கிறேன். கடை திறந்ததும் மூட்டை இறக்குகிறவர்களின் காலடியில் அது அழிந்துபோகும். மறுநாள் மீண்டும் இருக்கும். வீடே இல்லாதவள் எந்த வாசலுக்குக் கோலமிடுகிறாள் என்று வேதாந்த விசாரத்தில் ஒருநாள் அங்கேயே நின்றுவிட்டேன். “வாசல்ல செருப்போட நிக்கிறியே நைனா, தள்ளி நில்லு” என்றாள். தள்ளி நின்றேன்.

அதே வீதியில் கோயில் மதிலோரம் காவி கட்டிய பரதேசி ஒருவரும் படுத்துக் கிடப்பார். அவரை வணங்கி விபூதி வாங்கிச் செல்கிறவர்கள் கிழவியைக் கண்டால் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நடப்பார்கள். தரை ஒன்று, பனி ஒன்று. அவருக்கு அது வைராக்கியம், இவளுக்கு அது தரித்திரம். போதாக்குறைக்கு, உடைமை எல்லாம் மாயையென்றும் ஏழை பாக்கியசாலியென்றும், மூன்று மாடி வீட்டில் இருந்துகொண்டு உபதேசிக்கும் பிரசங்கிகள் வேறு. பட்டினத்தார் துறந்தாரென்றால், துறப்பதற்கு அவரிடம் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வம் இருந்தது. இல்லாததை எவரும் துறக்க முடியாது. திருவொற்றியூரில் அவர் சமாதி கொண்ட இடம் இந்த வீதிக்கு வெகுதூரமில்லை, ஆனால் கிழவி போகும் வழி அதுவன்று. அடுப்பும் வாசலும் ஆசாரமும் உடைய அவள் பரிபூரணமான இல்லறத்தாள். குறைவது கூரையும் சுவரும் மட்டுமே.

“எல்லாம் பூர்வ கர்மம்” என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களுக்குத் திருக்குறளின் அதிகார வைப்பைக் காட்ட விரும்புகிறேன். வள்ளுவர் ஊழை மறுத்தவரல்லர். 38ஆம் அதிகாரமே அதுதான். அந்த ஊழையும் 35ஆம் அதிகாரமான துறவையும் அறத்துப்பாலில் வைத்தவர், வறுமையைப் பேசும் நல்குரவை அவற்றின் பக்கத்தில் வைக்காமல், அரசனும் அமைச்சனும் வரியும் படையும் பேசப்படும் பொருட்பாலில், 105ஆம் அதிகாரமாக, அதுவும் உழவுக்கு அடுத்தபடியாக வைத்தார். இரப்பதன் கொடுமை கண்டு உலகைப் படைத்தவனையே சபிக்கத் துணிந்த அந்தப் புலவர், வறுமையை ராஜ்ய விவகாரமாகவே கண்டார் என்பது என் அபிப்பிராயம்.

உழவுக்கு அடுத்தது நல்குரவு என்ற அந்த வரிசையைப் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்குக் கட்டுக்களிலும் காணலாம். சேலம் ஜில்லாவில் நிலமற்ற கூலியாக இருந்து, 1961இல் பிழைப்புத் தேடிப் பம்பாய் சென்று நடைபாதையில் குடியிருந்த ஒருவரின் குடிசையை 1981 ஜூலையில் நகராட்சியார் இடித்து, குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பெண்மக்களும் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் திரும்பிவந்து மறுபடியும் ஒரு நடைபாதைக் குடிசையில் புகுந்தார். அவரைப் போன்றவர்கள் தொடுத்த வழக்கில், உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர் தப்புவதற்கும் தொழில் செய்து சோறு உண்பதற்கும் ‘பிழைத்தல்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது புதிய தத்துவமன்று; ஆயினும், ஆத்மாவைப் பற்றி ஆயிரம் பக்கம் படித்த நான், ஒரு நீதிமன்றம் சொல்லித்தான் அந்தச் சொல்லை நின்று கவனித்தேன்.

அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை என்றும், முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. மழைக்காலம் கழியட்டுமென்று அக்டோபர் 31 வரை மட்டும் தவணை கொடுத்தது.