பச்சை அட்டை போட்ட புத்தகம்

மேனாம்பேட்டில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் எம்.ஏ. படிக்கிறாள். ஆய்வுத் தலைப்பு, 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து குறிப்பெடுத்து வந்தாள். நோட்டில் முத்து முத்தான கையெழுத்து.

"இந்த வரி எந்தப் புத்தகத்திலம்மா?"

முழித்தாள். "பச்சை அட்டை போட்டது, அங்கிள்." அதைத் தேடி மறுபடி பஸ் ஏறினாள்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் பழைய நோட்டுகளிலும் பக்க எண் கிடையாது.

சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சேற்றும் முன் உ.வே.சா. பட்ட பாட்டில் பாதி இதுதான். நச்சினார்க்கினியர் தம் உரையில் மேற்கோள்களை அள்ளிப் போடுவார். பல இடங்களில் நூற்பெயர் இருக்காது. அந்த வரிகளைத் துரத்தித் துரத்தியே உ.வே.சா. சங்க நூல் ஏடுகளுக்குள் நுழைந்தார். நமக்கு லாபம்; அவருக்குத்தான் தூக்கம் போயிற்று! இதற்கு நேர்மாறு, ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன். அவர் சேர்த்துவைத்தவை சுமார் 90,000 குறிப்புச் சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அந்த எண்ணைச் சொல்லி ஒரு சீட்டு இன்னொன்றைக் கூப்பிடும்.

எதிர்வீட்டில் இப்போது தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம்தான் சீட்டு. தாளுக்கு ஒரே சேதி. தலையில் ஆசிரியர், நூல், பக்கம். நூலில் உள்ளது பேனாவில், தன் கருத்து பென்சிலில். இரண்டும் கலந்துவிடக் கூடாதாம். எல்லாவற்றையும் துணி கிளிப் போட்டு வைத்திருக்கிறாள். நேற்றுக் காற்றில் ஒன்று நழுவி எங்கள் வாசலுக்கு வந்தது. மூலையில் 'ப. 47'.