பூட்ஸ் கால் வாத்தியார்

என் சித்தி மகள் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் டீச்சர். மொத்தமே இரண்டு டீச்சர்கள்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை இவள் பொறுப்பு. தமிழ், கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் இவளேதான். 2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது வாத்தியார்களுக்கான பயிற்சியும் செல்போனுக்குள் போனது. பள்ளிகள் திறந்த பிறகும் அது முழுசாக வெளியே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்த செல்போனில் ஓர் அம்மாள், சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை. தங்கை கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“யாருக்கும்மா பாடம் நடக்குது, இட்லிக்கா?” என்றேன்.

“அது பாட்டுக்கு ஓடணும்ணே. முழுசா ஓடினாத்தான் அடுத்தது திறக்கும். கடைசியில கேள்வி வரும். விடை வாட்ஸ்அப்ல வந்துடும். இவன் தட்டி விட்டுடுவான்” என்று பத்தாவது படிக்கும் மகனைக் காட்டினாள்.

“போன தடவை அம்மா தொண்ணூறு மார்க். வாங்கிக் குடுத்தது நான்தான் மாமா” என்றான் அவன் பெருமையாக.

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் சங்கடமாக இருந்தது. இதே பையன் நாளைக்குப் பரீட்சை ஹாலுக்கு பிட் கொண்டுபோனால் இவள் என்ன சொல்லித் திட்டுவாள்?

‘சத்திய சோதனை’யில் வருகிற ஒரு சம்பவம் ஞாபகம் வந்தது. ராஜ்கோட்டில் காந்தி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் வருஷம். ஜைல்ஸ் என்கிற கல்வி அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். ஐந்து இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்லி எழுதச் சொல்கிறார். அதில் ஒன்று ‘கெட்டில்’. காந்தி அதைத் தப்பாக எழுதிவிட்டார். வாத்தியார் பூட்ஸ் நுனியால் ஜாடை காட்டுகிறார், பக்கத்துப் பையன் சிலேட்டைப் பார்த்து எழுது என்று. காந்திக்கு அது புரியவே இல்லை. காப்பியடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே வாத்தியார் நிற்கிறார்! மற்ற எல்லாப் பையன்களும் ஐந்தும் சரி. இவர் மட்டும் அசடு.

நாம் எப்போதும் அந்தப் பையனைத்தான் மெச்சுகிறோம். வாத்தியாரை யோசித்ததில்லை. அவர் கெட்டவரா? அதிகாரிக்கு முன்னால் வகுப்பின் மானம் போய்விடக் கூடாதே என்கிற பயம். பயந்தவர் கால்தான் நீளும்.

இன்றைய ஜைல்ஸ் துரை கோட்டு போட்டுக்கொண்டு வருவதில்லை. ‘உங்கள் பள்ளியில் எத்தனை பேர் முடித்தார்கள்?’ என்கிற சதவிகிதமாக வருகிறார். வீடியோ ஓடியதா என்பது அவருக்குத் தெரியும். எதிரில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்பது தெரியாது.

தங்கையைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று நானும் ஆபீஸில் ஒரு பயிற்சியைத் தட்டித் தட்டியே முடித்து சர்டிஃபிகேட் வைத்திருக்கிறேன். தீப்பிடித்தால் முதலில் ஓடப்போகிற ஆள் நான்தான்.

அவளிடம் கேட்டேன். “ஒண்ணாவது உருப்படியாப் பாத்தியா?”

யோசித்தாள். “ஒண்ணு பாத்தேண்ணே. அன்னிக்குக் காய்ச்சல். படுத்த இடத்துலயே ஓடிச்சு. வேற வழியில்லாமக் கேட்டேன்.”

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. இங்கிலீஷ் வகுப்பென்றால் வாயே திறக்காதாம். இவளும் மிரட்டிப் பார்த்தாள், நிற்க வைத்தாள். அந்த வீடியோவில் சொன்னார்கள்: புது மொழிக்குள் வருகிற சில குழந்தைகள் கொஞ்ச காலம் பேசாமலே இருக்கும், கேட்டுக்கொண்டிருக்கும், அது மக்குத்தனம் இல்லை என்று. மொழியியல் அறிஞர் ஸ்டீபன் க்ராஷன் 1980-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பேசச் சொல்லாதே, செய்யச் சொல் என்பது ஜேம்ஸ் ஆஷர் என்பவர் 1960-களில் சொன்ன வழி.

“மறுநாள் ‘டச் யுவர் நோஸ்’னேன். டக்குனு மூக்கைத் தொட்டுச்சு. ‘ஓப்பன் த டோர்’னேன். எழுந்து போய்க் கதவைத் திறந்துச்சு. எல்லாம் தெரிஞ்சிருக்குண்ணே அதுக்கு. ரெண்டு மாசமா நான்தான் நிக்க வெச்சிருந்தேன்” என்றாள். குரல் லேசாக இறங்கியிருந்தது.

காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்?

சர்க்கரை டப்பாமேல் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தமிழில் ‘பல்’லுக்கும் ‘கம்பு’க்கும் ஒரே ‘ப’தான். அதில் வளர்ந்த காதுக்கு இங்கிலீஷின் இரண்டு ஒலிகளும் ஒன்றாகத்தான் கேட்கும், அதற்காகக் குழந்தையைத் திட்டாதீர்கள் என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்காக யார் யார் குட்டு வாங்கியிருக்கிறார்களோ!

அதிகாரியிடம் சொல்கிற பொய்யைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அது இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். ஆனால், அந்த ஆட்டத்தில் பணயம் வைக்கப்பட்டது மூன்றாவது ஒருத்தரின் பொருள். தன்னிடமிருந்து ஒன்று போய்விட்டது என்றுகூட அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தெரியாதவரிடமிருந்து எடுப்பதற்கு என்ன பெயர்? நீங்களே சொல்லுங்கள்.

“அப்ப எல்லாத்தையும் உக்காந்து பாக்கச் சொல்றீங்களா? நேரத்துக்கு எங்கண்ணே போறது?” என்றாள் தங்கை. நியாயமான கேள்வி. ரெக்கார்டு எழுதி, ஆன்லைனில் பதிவேற்றி, வீட்டுக்கு வந்து சமைத்து... நேரம் கொடுக்காமல் சர்டிஃபிகேட் மட்டும் கேட்பவர்களின் காலிலும் அதே பூட்ஸ்தான்.

“எல்லாம் வேணாம். நாளைக்கு வகுப்புல எது ஆகுமோ அதை மட்டும் பாரு. கேள்விக்கு நீயே பதில் போடு. அம்பது மார்க் வந்தாலும் சரி” என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மகனிடமிருந்து போனை வாங்கினாள். “முதல்லேருந்து எப்படிடா போடறது?” என்று கேட்டாள்.