மூன்று தலைமுறையின் மூச்சு

சென்ற தவக்காலத்திற்குச் சில நாட்கள் முன்பு கொடுங்கையூரில் ஓர் இல்லத்தை மந்திரிக்கச் சென்றிருந்தேன். செபம் முடிந்ததும் வீட்டுத் தாய் அலமாரியைத் திறந்து ஒரு பொருளை எடுத்து என் கையில் வைத்தார். விரல் நீளத்தில் ஒரு சிறு கருவி; நுனியில் மாம்பழ வாசனை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனின் புத்தகப் பையில் கிடைத்ததாம். "பேனான்னு நினைச்சேன், ஃபாதர்" என்றார். மின்சிகரெட், பிள்ளைகளின் மொழியில் வேப். (இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட செய்தியன்று. அவ்வீட்டார் இசைவு தந்த பின்பே எழுதுகிறேன்.)

அந்த ஓர் அறையில் மூன்று தலைமுறையும் இருந்தது. சுவரில் மாலையிட்ட படத்தில் பாட்டனார்: துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், பீடி பிடித்தவர், நெஞ்சு நோயால் இறந்தவர். கட்டிலில் தந்தை: கீழுதட்டில் ஹான்ஸ் அடக்கியபடியே மகனை அடித்தவர். கதவோரம் மகன். அவன் என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

"குப்பைமேடு எரிஞ்சா நாம எல்லாருமே அந்தப் புகையத்தானே குடிக்கிறோம், ஃபாதர்? அத யாரும் பாவம்னு சொல்றதில்ல. இது மட்டும் எப்படிப் பாவமாகும்?"

திணிக்கப்படும் தீமை வேறு, தேர்ந்துகொள்ளும் தீமை வேறு என்று குருமடத்தில் படித்த விடை நாவின் நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக மாநகரின் குப்பை வந்து குவிந்த ஊர் இது. வடக்கே மணலியின் ஆலைகள், அதற்கப்பால் எண்ணூர். இந்தக் காற்றில் பிறந்து வளர்ந்த ஒரு சிறுவன், தன் மூச்சைப் பற்றி இதுவரை ஒருவரும் கவலைப்படாதிருக்க, இன்று மட்டும் ஏன் இத்தனை பேர் திரண்டு வருகிறார்கள் என்று கேட்கிறான். அவனது வாதம் தவறு. ஆனால் அவனது முறையீடு நியாயமானது. மண்ணால் உருவான மனிதனின் நாசியில் இறைவன் தம் மூச்சை ஊதினார் என்கிறது தொடக்கநூல். உயிர்த்த ஆண்டவர் சீடர்மேல் ஊதியே பாவம் போக்கும் அதிகாரத்தை அளித்தார். மூச்சைப் புனிதமென்று போதிக்கும் நாம் ஊரின் காற்றுக்காக எத்தனை முறை பீடத்திலிருந்து பேசியிருக்கிறோம்? என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

இனி, மூவரின் பழக்கமும் ஒன்றுதானா? பெரியவர்கள் பலர் "எங்கள் காலத்தில் இப்படியா?" என்கின்றனர். அவர்கள் காலத்துப் பீடி அந்தப் பாட்டனாரைக் கொன்றது என்பதை மறக்க வேண்டாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பீடிக்கு ஒரு முடிவு இருந்தது. முதல் இழுப்பிலேயே தொண்டை எரிந்தது, இருமல் எச்சரித்தது, வேட்டியின் நாற்றம் வீட்டுக்குக் காட்டிக்கொடுத்தது. நெருப்பு இல்லையென்றால் அடுத்தவனிடம் கேட்க வேண்டியிருந்தது. புதிய கருவி இவை அனைத்தையும் நீக்கிவிட்டது. நிகோடினை அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கி விடுவதால் தொண்டை எரிவதில்லை. ஆகவே மிகுதியான நிகோடினையும் பிள்ளை உணராமலேயே உள்ளிழுக்கிறான். சாம்பல் இல்லை, நாற்றம் இல்லை. 'ஒன்று முடிந்தது' என்று சொல்ல ஒரு துண்டும் இல்லை.

திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2290) புகையிலையைப் பற்றிப் பேசுவது மட்டுமிதம் என்னும் நற்பண்பின் கீழ். உணவு, மது, புகையிலை, மருந்து இவற்றில் மிகுதியைத் தவிர்க்கச் சொல்கிறது. அளவு மீறுவது குற்றமென்றால் அளவு முதலில் தெரிய வேண்டும். அளவை உணரவிடாதபடியே செய்யப்பட்ட ஒன்றில் 'அளவோடு' என்னும் சொல்லுக்கு இடமேது? பீடிக்காரப் பாட்டனாருக்குச் சொன்ன அறிவுரையைப் பேரனுக்கு அப்படியே சொல்ல முடியாதென்பது என் கருத்து.

திருச்சபையின் பார்வையும் ஒரே நிலையில் நின்றதன்று. 1642-இல் திருத்தந்தை எட்டாம் உர்பான், செவில் மறைமாவட்டக் கோவில்களில் புகையிலை பயன்படுத்துவோரைச் சபை விலக்கம் செய்வதாக எச்சரித்தார். அவருடைய கவலை ஆலயத்தின் தூய்மை பற்றியது, நுரையீரல் பற்றியதன்று. 1725-இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் காலத்தில் புனித பேதுரு பேராலயத்துக்கு இருந்த தடை நீங்கியது. (மூக்குப்பொடி டப்பியும் கையுமாக மறையுரை தயாரித்த முதிய குருக்களை நானே அறிவேன்.) 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையே கூடாதென்று திருத்தந்தை பிரான்சிஸ் முடிவு செய்தபோதுதான் கவலை மனித உடலின்மேல் வந்து நின்றது.

நாட்டுச் சட்டம் 2019-இல் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்தது. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பீடியும் சிகரெட்டும் 18 வயது நிரம்பியவர்க்குக் கடையில் கிடைக்கின்றன. தந்தையின் உதட்டிலிருந்த மெல்லும் புகையிலைக்குத் தமிழகத்தில் 2013-இல் தடை வந்தது. அதுவும் கிடைக்கத்தான் செய்கிறது. தடை செய்த பொருளை வாயில் வைத்துக்கொண்டு, தடை செய்த பொருளுக்காக மகனை அடித்தார் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அதற்காக அவர் வாய் மூடி இருந்திருக்க வேண்டுமா? கூடாது. கண்ணிலுள்ள மரக்கட்டையைப் பற்றிய ஆண்டவரின் போதனையை, 'நீ யாரையும் திருத்தாதே' என்று பொருள்கொள்வோர் பலர். முதலில் உன் கட்டையை எடு, அப்போது சகோதரனின் துரும்பை எடுக்கக் கண் தெளியும் என்பதே அதன் பொருள். புனித அகுஸ்தினார் தம் ஒப்புதல்களின் எட்டாம் நூலில், தன் விருப்பம் எப்படி வழக்கமாகி, வழக்கம் எப்படித் தளையாகித் தன்னைக் கட்டியது என்று விவரிக்கிறார். கட்டுண்டவர் எழுதியதால்தான் நமக்கு அது பயன்படுகிறது. அடிமைத்தனம் குற்றப்பொறுப்பைக் குறைக்கலாம் என்று திருச்சபையும் ஏற்கிறது. ஆனால் குறைந்த பொறுப்பு என்றால் பொறுப்பே இல்லை என்று ஆகாது.

ஆகவே அந்தத் தந்தையைத் தனியே அழைத்து, "அவனை அடிக்காதீங்க. உங்களால ஏன் விட முடியலன்னு அவன்கிட்ட உட்கார்ந்து சொல்லுங்க" என்றேன். வெட்கப்பட்டார். பிள்ளையின் முன் தோற்றதை ஒப்புக்கொள்வது குருவின் முன் ஒப்புக்கொள்வதைவிடக் கடினமானது. மகனிடம், குப்பைமேட்டைப் பற்றிய அவன் கேள்வியைப் பங்குப் பேரவையில் வைப்பதாகச் சொன்னேன், வைத்தேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சாம்பல் புதனன்று இருவரும் ஒன்றாக நிறுத்துவதென்று முடிவு செய்தனர். இரண்டு வாரம் கழித்து, பூசைக்குப் பின் மகன் மட்டும் வந்து நின்றான். பதினோரு நாள் தாக்குப்பிடித்த தந்தை பன்னிரண்டாம் நாள் தோற்றுவிட்டதாகவும், அதை அவரே வந்து தன்னிடம் சொன்னதாகவும் கூறினான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. "நாளைலேர்ந்து திரும்ப ஒண்ணுன்னு எண்ணுவோம்னு சொல்லியிருக்கேன், ஃபாதர்" என்றான். அவனுக்கு அது எத்தனையாவது நாள் என்று நான் கேட்கவில்லை.