மடங்காத கத்தி

ஜப்பானின் பழைய சவரக் கத்தியான கமிசோரியை மடக்க முடியாது. அலகும் காம்பும் ஒரே துண்டு. காம்பில் பெரும்பாலும் பிரம்பு சுற்றியிருக்கும். பௌத்தத் துறவிகள் தலை மழித்த கருவி இது. மிருதுவான இரும்போடு கடினமான எஃகைச் சேர்த்து அடித்து, இரு பக்கத்தையும் வெவ்வேறு விதமாகத் தீட்டுவார்கள். ஆகவே மரபுப்படி பெரும்பாலும் ஒரே பக்கம்தான் தோலில் படவேண்டும். வலக்கைக்காரருக்கு வலக் கன்னம் எளிது. இடக் கன்னத்துக்குப் போனதும் முழங்கை முகத்துக்குக் குறுக்கே வந்துவிடும், புதியவர் பதறி அழுத்துவார். அழுத்தவே கூடாது. வெந்நீரில் ஊறிய தோலை மறுகையால் இழுத்துப் பிடித்து, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் கன்னத்தோடு நிறுத்திக்கொள்வதே புத்தி. மோவாய்க்கு அவசரப்படுபவர் படிகாரம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.