வள்ளி வீட்டில் கேட்டீர்களா?



சமய வகுப்பில் வள்ளி திருமணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி கேட்டான்: "ஐயா, முருகன்தான் வள்ளியைக் கூட்டிட்டுப் போயிட்டாரே, அப்புறம் ஏன் திரும்பி வந்தாரு?"

நல்ல கேள்வி. துரத்தி வந்த வேடர்கள் வீழ்ந்துவிட்டார்கள். இனித் தடுக்க ஆளில்லை. ஆனாலும் பெற்றவர் சம்மதம் பெறாமல் போவது முறையல்ல என்று நாரதர் எடுத்துச் சொன்னார். முருகன் கேட்டுக்கொண்டார். வீழ்ந்தவர்கள் உயிர்பெற்று எழுந்தார்கள். அவர்களுடைய சிற்றூருக்கே திரும்பிப் போய், நம்பிராஜன் கையால் வள்ளியைப் பெற்றுக்கொண்டார். எல்லாம் வல்லவரே காட்டுக்குடிசை வாசலில் நின்றார் என்றால், நாம எம்மாத்திரம்?

அந்த முறை நம் ஜோகூரிலேயே தவறியிருக்கிறது. ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் தண்ணீர் வேண்டும். அதற்காக 1990 ஒப்பந்தப்படி லிங்கியு அணை எழுந்தது. சுற்றியுள்ள காடு நீர்ப்பிடிப்புப் பகுதி ஆனது. நல்ல நோக்கம்தான். ஆனால் அது ஜாக்குன் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் காட்டுப்பொருள் சேகரித்தும் பிழைத்த இடம். ஏறக்குறைய 53,000 ஏக்கர். அவர்களில் 52 பேர் வழக்குப் போட்டார்கள். அதுதான் அடோங் வழக்கு. மூதாதையர் நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஜோகூர் பாரு உயர்நீதிமன்றம் 1996-இல் ஏற்று, 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

பணம் வந்தது, காடு வரவில்லை. அபிஷேகக் குடத்தில் நாம் பிடிக்கும் தண்ணீருக்கும் இப்படி ஒரு விலையை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

அப்படின்னா காட்டைப் பாதுகாக்க வேண்டாமா? கண்டிப்பா வேணும். காடு அழிந்தால் முதலில் பசியில் வாடுவதும் அவர்கள்தான். காப்பது தர்மம், அங்கே வாழ்பவரைக் கேட்காமல் வேலி போடுவது தர்மமாகாது. தோட்டம் கைமாறியபோது "எங்களை யாரு கேட்டா?" என்று நம் தாத்தா பாட்டிகள் புலம்பியதை மறக்கலாமா?

நம்மிடமும் குற்றம் உண்டு. வள்ளியை முருகனுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடுகிறோம். வழியில் ஒரு பூர்வகுடிப் பிள்ளையைப் பார்த்தால் 'காட்டுவாசி' என்று கேலி பேசுகிறோம். அந்தப் பேச்சை இன்றோடு விடுவோம்.

அடுத்த முறை எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போனால், நுழைவாயிலில் உள்ள கம்போங் பேத்தாவில் கொஞ்சம் நில்லுங்கள். அது ஜாக்குன் மக்களின் கிராமம். மரம் நடப் போனாலும், குப்பை பொறுக்கப் போனாலும், முதலில் அந்தப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: "ஐயா, இங்க என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?"

கேட்டுவிட்டுச் செய்வதே சேவை.

வேலும் மயிலும் துணை.