கர்ப்பிணியின் நோயும் மார்க்கத்தின் தீர்ப்பும்

வயிற்றில் சிசுவைச் சுமந்து கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்குக் கல்லீரலில் புற்றுநோய் கண்டிருப்பதாக மருத்துவர் கூறுகிறார். வைத்தியத்தைத் தொடங்கினால் சிசுவுக்கு ஆபத்து; பிரசவம் வரை ஒத்திப்போட்டால் தாய்க்கு ஆபத்து. இந்த இக்கட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் என்ன செய்ய வேண்டும்? தாயைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா? எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவதா? இக்கேள்விக்கு ஷரீஅத் தரும் விடையை ஈண்டு காண்போம்.

கர்ப்ப காலத்தில் இந்நோய் வருவது மிக அரிது. வந்தாலோ, அதை இனங்காண்பது கடினம். குமட்டல், வாந்தி, சோர்வு, பசியின்மை ஆகியவற்றை நம் பெண்கள் மசக்கை என்று எண்ணிப் பொறுத்துக் கொள்கிறார்கள். வலது விலாவின் கீழ் வலித்தால் பிள்ளை உதைக்கிறது என்பார்கள். கண் மஞ்சளித்தால் காமாலை என்று கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பார்கள். தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, பென்னாகரம், அரூர்ப் பகுதிச் சிற்றூர்களில் இது அன்றாட வழக்கம். இவ்வாறு மாதங்கள் கழிகின்றன. பிறகு நோய் தெரிய வரும்போது மாமியார் ஒன்று சொல்வார், அண்டை வீட்டார் ஒன்று சொல்வார். 'கர்ப்பிணி எந்த மருந்தும் தொடக்கூடாது, அது பிள்ளைக்குச் செய்யும் பாவம்' என்று மார்க்கத்தின் பெயரால் தீர்ப்புச் சொல்லவும் ஒருவர் முன்வருவார்.

இத்தகையோர் அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும். பயணத்தில் ஒரு ஸஹாபிக்குத் தலையில் கல்பட்டுக் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் எட்டியபோது, அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்னும் நோய்க்குக் கேள்வியல்லவா மருந்து என்றும் வினவினார்கள்.

அத்தோழர்கள் தீய எண்ணத்தில் சொன்னவர்கள் அல்லர். பேணுதல் என்று கருதியே சொன்னார்கள். ஆயினும் அறிவின்றிச் சொன்ன பேணுதல் ஓர் உயிரைக் குடித்தது. கர்ப்பிணியின் வைத்தியத்தைத் தடுப்பவர்களின் நிலையும் இதுவே.

நோய்க்கு மருந்து செய்து கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி இறக்கவில்லை என்றும் அறிவித்திருக்கிறார்கள். இவ்வேவலில் கர்ப்பிணிக்கு விலக்கு எதுவும் இல்லை. மாறாக, ரமளான் நோன்பையே கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் தளர்த்திக் கொடுத்த மார்க்கம் இது. திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனம் பாலூட்டுதலைப் பற்றிப் பேசும்போது, பிள்ளையின் காரணமாகத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்கிறது; தந்தைக்கும் அவ்வாறே. பிறந்து மடியில் கிடக்கும் குழந்தைக்காகவே தாயை வருத்தக்கூடாது என்றால், வயிற்றிலுள்ள சிசுவைக் காட்டி அவளுக்கு மருந்தை மறுப்பது எங்ஙனம் பொருந்தும்?

'ஓதிப் பார்த்தால் போதாதா?' என்பார்கள். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நல்லவையே. அவை மருந்தோடு சேர வேண்டியவை, மருந்துக்குப் பதிலாக நிற்பவை அல்ல. 'ஆண் மருத்துவர் ஸ்கேன் எடுப்பாரே' என்பார்கள். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே காட்டுக. கிடைக்காதபோது நிர்ப்பந்தம் அத்தடையை நீக்கிவிடும் என்பது ஃபுகஹாக்களின் முடிவு.

அடுத்து, தாயா பிள்ளையா என்ற கேள்வியே பல வேளைகளில் அவசரப்பட்டுக் கேட்கப்படுவதாகும். இருவரையும் காக்கும் வழி இருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டியது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சிசுவுக்குத் தீங்கு செய்யாது. தேவையானால் சாய மருந்து ஏற்றாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். கல்லீரல் புற்றைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதன் அளவு கர்ப்பத்தில் இயல்பாகவே கூடும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. கட்டி ஓரிடத்தில் நின்றிருந்தால் அறுத்து எடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் இவ்வறுவை நடந்திருக்கிறது. 4, 5, 6ஆம் மாதங்கள் அதற்கு ஏற்ற காலம். அறுத்தெடுத்த பின் மீதிக் கல்லீரல் வளர்ந்து கொள்ளும். இது அல்லாஹ் அவ்வுறுப்புக்கு வழங்கிய அற்புதம். முதல் 3 மாதங்களில் சிசுவின் உறுப்புகள் உருவாவதால் புற்றுக்கான கடுமையான மருந்துகள் அப்போது பெருந்தீங்கு செய்யும். கர்ப்பம் 34 வாரத்தை எட்டியிருந்தால், சிசுவை முன்கூட்டியே வெளியில் எடுத்துக் காப்பாற்றிவிட்டு, தாய்க்கு முழு வைத்தியத்தைத் தொடங்கலாம். ஆனால் கட்டி வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் ஒரு நாளும் காத்திருக்க முடியாது. எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதைப் புற்றுநோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒன்றாக அமர்ந்துதான் சொல்ல முடியும்.

இருவரையும் காக்க வழியில்லை என்று அவர்கள் உறுதியாகச் சொன்னால்? இங்குதான் மார்க்கத்தின் தராசு தேவைப்படுகிறது.

புகாரி, முஸ்லிமில் வரும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பைக் கொண்டு, 120 நாட்களில் சிசுவுக்கு ரூஹு ஊதப்படுகிறது என்று உலமாக்கள் கணக்கிட்டனர். மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து வாரங்களை எண்ணுவதால், இந்த 120 நாள் அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 19 வாரமாகும். அதற்கு முன்பும் கருவைச் சிதைப்பது குற்றமே என்றும், கரு வளர வளரக் குற்றமும் வளரும் என்றும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதினார்கள். ஹனஃபி ஃபுகஹாக்களில் சிலர் தக்க காரணம் இருப்பின் அக்காலத்திற்குள் அனுமதித்தனர். கர்ப்பத்தால் பால் வற்றி, மடியிலுள்ள குழந்தை இறந்துவிடும் என்று அஞ்சுவதையும், செவிலித்தாயை அமர்த்த வசதியின்மையையும் அவர்கள் காரணமாகக் கொண்டதை இப்னு ஆபிதீன் (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள். மற்றொரு குழந்தையின் உயிர் காரணமாகும் என்றால், தாயின் உயிரே காரணமாவதில் என்ன ஐயம்?

ரூஹு ஊதப்பட்ட பின் நிலைமை வேறு. உயிருள்ள சிசுவைத் தாய்க்காகச் சிதைக்கலாகாது என்று அதே இப்னு ஆபிதீன் (ரஹ்) கூறுகிறார்கள். அவர்கள் காட்டும் காரணத்தைக் கவனிக்க வேண்டும்: தாய் இறந்துவிடுவாள் என்பது வெறும் ஊகம், ஊகத்திற்காக ஓர் உயிரைக் கொல்ல முடியாது. அக்காலத்தில் அது ஊகமாகவே இருந்தது. இன்று தேர்ந்த மருத்துவர்கள் பலர் கூடி உறுதியாகச் சொல்லத்தக்க நிலை வந்திருக்கிறது. எனவேதான் மக்காவின் ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமி அமைப்பின் ஃபிக்ஹு மன்றம் 1990 பிப்ரவரியில் ஒரு முடிவு எடுத்தது: 120 நாட்களுக்குப் பின் கருவைக் கலைக்கக் கூடாது, கர்ப்பம் தொடர்வதால் தாயின் உயிருக்கு ஆபத்து உறுதி என்று நம்பிக்கைக்குரிய நிபுணர் குழு கூறினால் மட்டுமே, இரு தீங்குகளில் பெரியதைத் தடுக்க அனுமதி உண்டு. தாய் மூலம், சிசு அவளிலிருந்து கிளைத்தது என்று அல்அஸ்ஹரின் ஷைகு மஹ்மூத் ஷல்தூத் அவர்களும் முன்னரே விளக்கியிருந்தார்கள். நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்புக்கு வார வரம்பு விதித்தாலும், தாயின் உயிரைக் காக்க உடனடியாக அவசியம் என்று மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதுமிடத்து அவ்வரம்பு தடையன்று.

இச்சலுகை உயிர் காக்கும் வாசல். வேறு நோக்கத்தோடு யாரும் அதில் நுழையக் கூடாது. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் விரிவுபடுத்தப்பட்டதை நாம் மறக்க முடியாது. பெண் என்று அறிந்து கருவை அழிப்பவன், உயிருடன் புதைக்கப்பட்ட பெண் குழந்தை எக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாள் என்று கேட்கப்படும் நாளில் என்ன விடை சொல்வான்?

இனி மிக முக்கியமான ஒன்று. இம்முடிவுகளில் நோயாளிப் பெண்ணின் வார்த்தை எங்கே? 1987இல் அமெரிக்காவின் வாஷிங்டனில் ஏஞ்சலா கார்டர் என்ற கர்ப்பிணி புற்றுநோயால் மரணத்தை நெருங்கியிருந்தார். கர்ப்பம் 26 வாரம். மருத்துவமனை வழக்குமன்றத்தை நாடியது. குடும்பத்தார் எதிர்த்தும், வயிற்றை அறுத்துச் சிசுவை எடுக்க உத்தரவு பிறந்தது. சிசு சில மணி நேரமே உயிரோடிருந்தது. தாய் 2 நாட்களில் இறந்தார். 1990இல் மேல் வழக்குமன்றம் அவ்வுத்தரவு தவறு என்று தீர்ப்பளித்தது. முடிவு நோயாளிக்கே உரியது என்றது. அங்கே நீதிபதி செய்ததை இங்கே வீட்டார் செய்கிறார்கள். கூடத்தில் ஆண்கள் பேசி முடிக்கிறார்கள். உள்ளறையில் படுத்திருப்பவளிடம் யாரும் கேட்பதில்லை. அவளுடைய உடல் அல்லாஹ் அவளிடம் ஒப்படைத்த அமானிதம். கணவரின் ஆலோசனையும் பெற்றோரின் துணையும் அவளுக்கு வேண்டும். அவளை ஒதுக்கிவிட்டு எடுக்கும் முடிவு வேண்டாம்.

கர்ப்பத்திலோ வயிற்று நோயிலோ இறப்பவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று ஹதீஸ்கள் கூறுவது உண்மை. அது இழந்தவர்களுக்கு ஆறுதல். வைத்தியத்தைக் கைவிடுவதற்கு ஆதாரமன்று.

வருமுன் காப்பதும் மார்க்கமே. கல்லீரல் புற்றுக்குப் பெருங்காரணங்களில் ஒன்று ஹெபடைடிஸ் பி கிருமி. பிறக்கும்போது தாயிடமிருந்து இதைப் பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. கர்ப்பிணிகள் இரத்தத்தைப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

ஜமாஅத்தார்களே! உங்கள் மஹல்லாவில் இத்தகைய சோதனை ஒரு வீட்டுக்கு வந்தால் வதந்தி பேசாதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சேலத்துக்கோ, சென்னை அடையாறுக்கோ அழைத்துச் செல்ல வாகனமும் வழிச்செலவும் கொடுங்கள். பைத்துல்மாலின் பணம் இதற்கன்றி வேறு எதற்கு? மருத்துவரைக் கேளுங்கள், ஆலிமைக் கேளுங்கள், அப்பெண்ணைக் கேளுங்கள். கேளாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நோயுற்ற தாய்மார்களுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், வயிற்றிலுள்ள சிசுக்களுக்கு ஸலாமத்தையும், நமக்கு அறிந்து பேசும் நற்பண்பையும் அருள்வானாக! ஆமீன்.